மொட்டை மாடி உபயம்

ஐதராபாத்
10 அக்டோபர் 2025

அண்ணனுக்கு,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய் என்று அம்மா சொன்னாள். அதனால் தபாலில் எழுதுகிறேன். கூரியர் என்றால் திருப்பி அனுப்பிவிடுவாய். தபால்காரர் உன் அச்சகத்தில் தினமும் டீ குடிக்கிறவர், அவர் நீட்டினால் வாங்கித்தான் ஆகவேண்டும்.

போன மாதம் அம்மாவின் கண் ஆபரேஷனுக்கு வந்தபோது, டவுன் ஹாலுக்குப் புது பெயின்ட் அடித்திருக்கிறோம், வந்து பார் என்று நீதான் கூட்டிக்கொண்டு போனாய். நீ சுவரைக் காட்டினாய். நான் அண்ணாந்து கூரையைப் பார்த்தேன். என் வேலை அது. பழைய பாலங்களும் பழைய கட்டடங்களும் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். மறுநாள் கமிட்டிக் கூட்டத்தில், இந்தக் கூரை மேல் இனி கூட்டம் ஏறக்கூடாது என்று சொன்னேன். நீ செயலாளர் நாற்காலியில் இருந்தபடி எல்லார் முன்னாலும் என்ன சொன்னாய்? "கட்டிக் குடுத்த பொண்ணுக்கு ஊர் ஹால்ல என்னா வேலை?"

தலைவர் திருமலை சிரித்தார். நான் சாயங்கால பஸ்ஸில் கிளம்பிவிட்டேன். வலித்தது அண்ணா. இன்னும் வலிக்கிறது. ஆனால் அது வேறு, கூரை வேறு. இந்தக் கடிதம் கூரைக்காக.

அது மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்திரம், அதன் மேல் குறுக்குக் கட்டைகள், அதன் மேல் செங்கல், சுண்ணாம்புக் காரை. சுண்ணாம்பு ஈரத்தை வாங்கும், வெயிலில் விட்டுவிடும். அப்படித்தான் நூறு வருஷம் நின்றது. நீங்கள் அதன் மேல் வருஷா வருஷம் சிமென்ட் பூசியிருக்கிறீர்கள். கார்த்திகைத் தீபத்தன்று மாடியில் ஏறி மலையைப் பார்க்க வருகிறவர்கள் உட்காரத் தரை வழவழப்பாக இருக்க வேண்டுமாம். அந்தப் பூச்சு ஒரு குடும்பத்தின் உபயம், ஈரம் காய்வதற்குள் அந்தக் குடும்பத்தின் பெயரை ஆணியால் எழுதவேண்டும். போன வருஷப் பெயர் மேல் இந்த வருஷப் பெயர். கோயில் டியூப்லைட்டில் வெளிச்சம் வராத அளவுக்கு உபயம் எழுதுகிற ஊர்தானே நம்முடையது. டியூப்லைட் யார் தலையிலும் விழாது.

சின்ன வயதில் அந்த மாடியின் கைப்பிடிச் சுவர் எனக்குத் தலைக்கு மேல் இருக்கும். அப்பாவுக்கு இடுப்பு வரை வரும். இப்போது எனக்கே தொடை வரைதான் வருகிறது. நான் வளர்ந்ததால் அல்ல, தரை வளர்ந்துவிட்டது. முக்கால் அடி கனத்துக்குச் சிமென்ட் ஏறியிருக்கிறது. கீழே ஈரம் மாட்டிக்கொண்டு உத்திரத்தின் முனைகளைச் சுவருக்குள்ளேயே தின்றுகொண்டிருக்கும். இதற்கு மேல் முன்னூறு பேரை ஏற்றப் போகிறாய்.

டிசம்பர் மூன்றாம் தேதி தீபம். படிக்கட்டுக் கதவைப் பூட்டிவிடு. வேறு ஒன்றும் கேட்கவில்லை. வழக்கம்போல முதல் நாற்காலி அம்மாவுக்குத்தானே போடுவாய்? போடுவதற்கு முன் ஒரு முறை யோசி.

தென்றல்


செழியன் அச்சகம்
திருவண்ணாமலை
21 அக்டோபர் 2025

அன்புள்ள தங்கைக்கு,

தீபாவளி வாழ்த்து. அதிரசம் அனுப்பச் சொன்னாள் அம்மா. தபாலில் போனால் உடைந்துவிடும் என்று நான் அனுப்பவில்லை. கோபத்தில் அல்ல.

உன் கடிதம் பரீட்சைப் பேப்பர் திருத்தின மாதிரி இருந்தது. சரி, நீ இன்ஜினியர். அந்த ஹாலின் கதை உன்னைவிட எனக்குத் தெரியும். நூற்றாண்டு மலரை நான்தான் எழுதி நானே அச்சடித்தேன். உனக்கும் ஒரு பிரதி தந்தேன், நீ பிரித்திருக்க மாட்டாய்.

1912-ல் கடைக்கால் தோண்டிய அன்று நடந்ததையாவது கேள். வெள்ளைக்கார இன்ஜினியர் வரைந்த பிளானில் முகப்பு கடைத்தெருவைப் பார்த்து இருந்தது. ஊர்ப் பெரியவர்கள் எல்லாரும் சேர்ந்து, மலைக்கு முதுகு காட்டிக்கொண்டு ஒரு சபை உட்கார முடியாது என்று மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டார்கள். அவரும் கடைசியில் சலித்துப்போய்க் காகிதத்தையே திருப்பிப் போட்டார். அதனால்தான் ஆறு தூண் வைத்த போர்டிகோ பின்னால் இருக்கிற சந்தில் இருக்கிறது, குதிரை வண்டி வந்தால் திரும்பக்கூட இடம் இல்லாத சந்து. கடைத்தெருவில் இருந்து வருகிறவன் பின்வாசல் வழியாகத்தான் நுழைகிறான். வெளியூர்க்காரன் பார்த்தால் சிரிப்பான். எங்களுக்கு அது பெருமை.

நம் கமிட்டியில் இருக்கிற அப்துல் பாயின் தாத்தா பர்மா தேக்கு கொடுத்தார். சுண்ணாம்பு அரைக்கச் செக்கு மாட்டை அடி அண்ணாமலையில் இருந்து ஓட்டி வந்தார்கள். அப்படிக் கட்டின ஹாலை, நீ அரை மணி நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு விழும் என்கிறாய்.

முதல் சிமென்ட் பூச்சு யாருடைய உபயம் என்று உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நம் அப்பாவுடையது. ஹால் ஒழுகுகிறது, நாற்காலியெல்லாம் நனைகிறது, கூட்டம் போட முடியவில்லை என்று அவர்தான் சொந்தச் செலவில் பூசினார். அ. அப்பாசாமி, 1984. அன்றைக்கு ஊரே அவரைக் கொண்டாடியது. அதைத்தான் நீ கமிட்டியில் தப்பு என்று சொன்னாய். நான் பேசினது அதிகம்தான். எனக்கு ஏன் கோபம் வந்தது என்று நீ யோசித்தாயா?

இந்த வருஷ உபயம் திருமலை வீடு. கார்த்திகை பிறந்ததும் பூச்சு. மாடி ஏறப் பாஸ் அடித்தாகிவிட்டது, ரோஸ் கலர் அட்டை. அம்மாவுக்கு முதல் நாற்காலிதான். கல்யாணமாகி வந்ததில் இருந்து அவள் ஒரு தீபம்கூட அந்த மாடியில் தவறவிட்டதில்லை. அவளிடம் போய் நான் என்ன சொல்ல?

செழியன்


ஐதராபாத்
30 அக்டோபர் 2025

அண்ணா,

மலரைப் படித்தேன். மூன்று இடத்தில் அச்சுப்பிழை, ஆனால் நன்றாகவே எழுதியிருக்கிறாய். காகிதத்தைத் திருப்பிப் போட்ட கதை எனக்குப் பிடித்தது.

அப்பா செய்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. ஒழுகினது, பூசினார். அன்றைக்கு யாரைக் கேட்டிருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு பூச்சோடு நின்றிருந்தால் கூரை அதையும் பொறுத்துக்கொண்டிருக்கும். அப்பா பெயர் தரையில் இருப்பதைப் பார்த்ததும் மற்ற வீடுகளுக்கும் ஆசை வந்தது. ஒழுகாத வருஷமும் பூசினார்கள். அதற்கு அப்பா என்ன செய்வார்?

என்னை நம்ப வேண்டாம். நீயே பார். பந்தல்காரர் ஏணியை வாங்கி, ஹாலுக்குள் ஒரு உத்திரத்தின் அடியில் இந்தச் சுவரில் இருந்து அந்தச் சுவருக்கு நைலான் நூலை இழுத்துக் கட்டு. இரண்டு முனையிலும் நூல் உத்திரத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கவேண்டும். நல்ல மரம் என்றால் நடுவிலும் நூலை ஒட்டியே இருக்கும். தொய்ந்திருந்தால் நடுவில் நூலைக் கீழே தள்ளும். எவ்வளவு தள்ளுகிறது என்று விரலால் அளந்து எழுது. பிறகு உத்திரம் சுவருக்குள் நுழைகிற இடத்தில் ஒரு ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்து. சுத்தியல் வேண்டாம், கையால் அழுத்தினால் போதும்.

நான் சொன்னது பொய் என்று ஆனால், அடுத்த வருஷ உபயம் என்னுடையது. என் பெயரை நீயே உன் கையால் எழுது.

தென்றல்


செழியன் அச்சகம்
12 நவம்பர் 2025

தென்றல்,

உன் பெயரை எழுதும் ஆசையில்தான் ஏணி வாங்கினேன்.

அப்துல் பாய் கூட வந்தார். "என் தாத்தா குடுத்த மரத்த உன் தங்கச்சி குறை சொல்லுதா? வா பாக்கலாம்"னு அவரே ஏணியைப் பிடித்துக்கொண்டார். மேடைக்கு மேலே இருக்கிற உத்திரத்தில் நூல் கட்டினோம். நடுவில் நாலு விரல் தள்ளியது. அதற்கு அடுத்ததிலும் அப்படித்தான். நூலைச் சரியாக இழுக்கவில்லை என்று மறுபடி கட்டினேன். அதே நாலு விரல்.

பாய் மர டிப்போக்காரர், அவருக்கு என்னைவிடத் தெரியும். அவரே ஏறி முனையில் ஸ்க்ரூ டிரைவரை வைத்தார். அழுத்தக்கூட இல்லை. பிடி வரைக்கும் உள்ளே போனது. உருவினபோது ஈரமான தூள் வந்தது, காபிப் பொடி மாதிரி. கீழே இறங்கி அதை உள்ளங்கையில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார். "மரத்து மேல தப்பு இல்ல செழியா. ஈரம் ஜாஸ்தியா போச்சு"ன்னார்.

அன்று சாயங்காலமே திருமலையிடம் போனேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார். பாஸ் எல்லா வீட்டுக்கும் போய்விட்டதாம், பெங்களூரில் இருந்து அவர் சம்பந்தி வருகிறாராம். "இத்தினி வருஷம் விழாதது இந்த வருஷம்தான் விழுமா? உன் தங்கச்சி சொன்னா விழுமா?" என்று கேட்டார். சிமென்ட்டை எல்லாம் பெயர்த்து எடுக்கவேண்டி வரும் என்று சொன்னேன். அதுதான் தப்பாகப் போயிற்று. நாற்பது வீட்டுப் பெயரைக் கடப்பாரையால் இடிக்கச் சொல்கிறாயா என்று கத்தினார். நாளைக்கு இந்தச் செய்தி எல்லா வீட்டுக்கும் போய்விடும். எனக்குக் கடைத்தெருவில் நடக்கவே சங்கடமாக இருக்கிறது.

புதுப் பூச்சை மட்டும் நிறுத்திவிட்டேன். கொத்தனாரை நான் வேறு வேலைக்கு அனுப்பிவிட்டேன், திருமலைக்கு அது இன்னும் தெரியாது. கதவைப் பூட்ட எனக்குத் தைரியம் வரவில்லை. உடைத்துக்கொண்டு ஏறுவார்கள். நான் என்ன செய்யட்டும்? சீக்கிரம் எழுது.

செழியன்


ஐதராபாத்
17 நவம்பர் 2025

அண்ணா,

நாலு விரல் என்று நீ எழுதினதைப் படித்துவிட்டு ஆபீஸில் எழுந்து நின்றுவிட்டேன். ஒரு விரல் இருக்கும் என்றுதான் நினைத்தேன்.

நீ விஷயத்தை அதிகாரிகளுக்கு எழுது. இத்துடன் என் அறிக்கையை வைத்திருக்கிறேன், கையெழுத்து போட்டிருக்கிறேன். ஆனால் தீபத்து வாரத்தில் ஊரில் எந்த அதிகாரிக்கும் மூச்சுவிட நேரம் இருக்காது என்று உனக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் படிக்கட்டில் நீதான் நிற்கவேண்டி இருக்கும்.

ஏறாதே என்று மட்டும் சொன்னால் யாரும் கேட்கமாட்டார்கள். வேறு இடம் காட்டு. போர்டிகோவை மலையைப் பார்த்து எதற்கு வைத்தார்கள் என்று நீ மலரில் எழுதவே இல்லையே? மாடியில் ஏறும் பழக்கம் வருவதற்கு முன்னால் ஊர் எங்கே நின்று தீபம் பார்த்தது? அந்தச் சந்தில் இப்போது பைக் ஸ்டாண்டும் தண்ணீர்க் கேன் குடோனும்தான் இருக்கின்றன. சுத்தம் செய்து பார்.

அம்மாவுக்கு என் கடிதங்களைப் படித்துக் காட்டு. மறைக்காதே. அவளுக்குத் தெரியாமல் அவளைப் பற்றி நாம் இரண்டு பேரும் எழுதிக்கொண்டே இருப்பது சரியில்லை.

லீவு கேட்டேன். இங்கே ஒரு பாலத்தை மூடி வைத்திருக்கிறோம், விடமாட்டேன் என்கிறார்கள். நான் அங்கே இல்லாமல் உன்னை மட்டும் நிற்கச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை.

தென்றல்


செழியன் அச்சகம்
5 டிசம்பர் 2025

தென்றலுக்கு,

ஒருவரும் மாடியில் ஏறவில்லை. இதை முதலில் எழுதிவிட்டு மற்றதை எழுதுகிறேன்.

அதிகாரிகளுக்கு உன் அறிக்கையைக் கொடுத்தேன், வாங்கி வைத்துக்கொண்டார்கள். கொடியேற்றத்துக்கு மறுநாள் கமிட்டி கூடி என்னைச் செயலாளர் பதவியில் இருந்து எடுத்தார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். அப்துல் பாய் மட்டும் கை தூக்கவில்லை. அப்பா இருந்த நாற்காலி, வருத்தம் இல்லை என்று சொன்னால் பொய். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன். அம்மா என்னவென்று கேட்டாள். உன் கடிதங்களை எடுத்து வந்து எல்லாவற்றையும் படித்தேன், கோபமாக எழுதினதையும் சேர்த்து. காபிப் பொடி மாதிரி வந்ததைச் சொன்னபோது மட்டும் இன்னொரு முறை சொல்லச் சொன்னாள்.

பதவி போனதும் எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது, ஏன் என்று தெரியவில்லை. நானும் பாயும் ஆள் வைத்துச் சந்தைச் சுத்தம் செய்தோம். தண்ணீர்க் கேன்காரன் நல்லவன், ஒரு நாளைக்கு எடுத்துக்கொண்டான். போர்டிகோ படியில் நின்று பார்த்தால், இரண்டு லாட்ஜுக்கு நடுவில் மலை உச்சி நேராகத் தெரிகிறது தென்றல். இத்தனை வருஷம் அந்த ஹாலிலேயே கிடந்த எனக்கு அது தெரியாது.

தீபத்தன்று நாலு மணிக்கே திருமலை ஆட்கள் மாடியில் நாற்காலி போட வந்தார்கள். சாவி அவர்களிடம். நான் படிக்கட்டை மறித்து நிற்கலாம் என்று போனேன். எனக்கு முன்னால் அம்மா வந்திருந்தாள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, ஒரு நாற்காலியைப் படிக்கட்டுக் கதவுக்கு நேராகப் போட்டு உட்கார்ந்திருந்தாள். பாயிடம் சொல்லி ஆட்டோவில் வந்திருக்கிறாள்.

திருமலை வந்து, "பாஞ்சாலைம்மா, கொஞ்சம் நவுந்துக்குங்க. மேல உங்களுக்குத்தான் மொதல் நாக்காலி"ன்னார். அம்மா, "மொதல் நாக்காலி இதுதான். போட்டாச்சு"ன்னாள். சம்பந்தி வீட்டார் வந்தார்கள், ரோஸ் பாஸ்காரர்கள் வந்தார்கள். கூட்டம் சேர்ந்துவிட்டது. யார் போய் எண்பது வயதுக்காரியை நாற்காலியோடு தூக்கி நகர்த்துவது? ஒருவருக்கொருவர் முகத்தைப் பார்த்தார்கள். திருமலை மறுபடி ஏதோ சொல்ல வந்தார். அம்மா சொன்னாள்: "என் வூட்டுக்காரர் பேருதான்டா அடியில கீது. நானே ஏறலன்றேன். உங்களுக்கு என்னா அவசரம்? அந்தாண்ட போய் நின்னு பாருங்க."

பாய் எல்லாரையும் சந்துக்குக் கூட்டிக்கொண்டு போனார். பாதிப் பேருக்கு மலை தெரிந்தது. பள்ளத்தில் நின்ற மீதிப் பேருக்கு முன்னால் நிற்கிறவர்கள் தலைதான் தெரிந்தது, திட்டிக்கொண்டே நின்றார்கள். ஆறு மணிக்குத் தீபம் ஏறினது. நான் அம்மா பக்கத்தில் இருந்தேன். படிக்கட்டு கடைத்தெருப் பக்கம் அல்லவா, அங்கிருந்து ஒன்றும் தெரியாது. எல்லாரும் அரோகரா என்று கத்தின சத்தம் ஹாலுக்குள் நுழைந்து வந்தது. அம்மா இருந்த இடத்திலேயே கை கூப்பினாள். போய்ப் பார்த்துவிட்டு வா, இங்கே நான் நிற்கிறேன் என்றேன். "எந்திரிச்சா ஏறிடுவாங்க"ன்னு சொல்லிவிட்டு உட்கார்ந்தே இருந்தாள்.

கூட்டம் கலைந்து, திருமலை ஆட்கள் சாவியைப் பாயிடம் கொடுக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் எனக்கு அழுகை வந்துவிட்டது. ஆட்டோ ஓட்டுகிறவன் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

செழியன்

பி.கு: கூரை விழவில்லை. அதையே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறார் திருமலை. விழவில்லையே, பின்னே எதற்கு இவ்வளவு ரகளை என்று. நான் என்ன பதில் சொல்ல?


ஐதராபாத்
12 டிசம்பர் 2025

அண்ணா,

பதில் ஒன்றும் சொல்லாதே. நான் இருபது வருஷமாக இந்த வேலை செய்கிறேன். நான் மூடச் சொன்ன எந்தப் பாலமும் விழவில்லை, மூடிவிட்டதால். அதனால் என்னைத் திட்டாத ஊர் கிடையாது. பழகிவிடும்.

அம்மாவைப் பற்றி எழுதினதை எத்தனை முறை படித்தேன் என்று தெரியவில்லை. அந்தக் கதவுக்கு முன்னால் நான் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்குக் கமிட்டியில் எழுந்து போகாமல் நானும் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம், எனக்குத் தோன்றவில்லை. அவளுக்குத் தோன்றியது.

சிமென்ட்டைப் பெயர்க்கச் சம்மதித்தால் சொல். ஒரு ஓரத்தில் இருந்து ஆரம்பிக்காமல், இரண்டு பக்கமும் சமமாக எடுத்துக்கொண்டு வரவேண்டும். அதற்கு முன்னால் உள்ளே முட்டுக் கொடுக்கவேண்டும். வரைந்து அனுப்புகிறேன்.

தென்றல்


செழியன் அச்சகம்
24 பிப்ரவரி 2026

அன்புள்ள தென்றலுக்கு,

பெயர்த்தாகிவிட்டது. உன் படத்தில் இருந்தபடியே முட்டுக் கொடுத்து, இரண்டு பக்கமும் சமமாக எடுத்தோம். கமிட்டி சம்மதித்ததற்கு நான் காரணம் இல்லை, அம்மாவும் இல்லை. பொங்கலுக்கு முன்னால் மேடைக்கு மேலே இருந்து ஒரு காரைக் கட்டி விழுந்தது. திருமலை தன் பேத்தி பூஜாவின் பரதநாட்டிய ஒத்திகையைப் பார்த்துக்கொண்டு முதல் வரிசையில் இருந்தார். அவள் அப்போது தண்ணீர் குடிக்க மேடையை விட்டு இறங்கியிருந்தாள். மறுநாள் காலையில் அவரே அச்சகத்துக்கு வந்து நின்றார். டீ வாங்கிக் கொடுத்தேன். "உன் தங்கச்சி படம் வரைஞ்சு அனுப்புச்சாமே, எங்க?" என்றார்.

மேல் பூச்சை உடைக்க உடைக்க ஒவ்வொரு பெயராக வந்தது. அந்தந்த வீட்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள். சிலர் போட்டோ எடுத்துக்கொண்டார்கள், ஒருவர் துண்டை வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனார். கடைசியாக அப்பா பெயர் வந்தது. அது மட்டும் உடையாமல் முழுசாகப் பலகை மாதிரி வந்துவிட்டது. எனக்குக் கை ஓடவில்லை. அதை வீட்டு வாசலில் பதிக்கலாமா என்று அம்மாவிடம் கேட்டேன். "உங்கப்பா பேரு கேஸ் புக்குல கீது, கரண்டு பில்லுல கீது. எல்லாத்தோடயும் சேத்துப் போடுடா"ன்னாள்.

அப்பா பெயருக்குக் கீழே பழைய சுண்ணாம்புத் தளம். வெள்ளையாக, முட்டை ஓடு மாதிரி. நான் முழங்கால் போட்டு மூலை முடுக்கெல்லாம் தேடினேன், மலரின் அடுத்த பதிப்பில் போடலாமே என்று. கட்டினவர் பெயர், கொடுத்தவர் பெயர், வருஷம், எதுவும் இல்லை. பாய் தன் தாத்தா பெயராவது இருக்கும் என்று தேடினார். அதுவும் இல்லை.

ஐந்தாவது உத்திரத்தைச் சுவரில் இருந்து இறக்கினோம். முனை சுவர் மேல் உட்காரவே இல்லை தென்றல். காரைதான் பிடித்துக்கொண்டு இருந்திருக்கிறது. அம்மாவின் நாற்காலி எப்போதும் அந்த உத்திரத்துக்கு மேல்தான் இருக்கும். இதை அவளிடம் நான் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

புதுத் தேக்கு பாய் தருகிறார். சீரமைப்பு: தென்றல் அப்பாசாமி என்று கிரானைட்டில் வைக்கலாம் என்று திருமலை கிளம்பினார். நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். கோபித்துக்கொள்ளாதே.

உடைத்த சிமென்ட் மலை மாதிரி குவிந்துவிட்டது, கொட்ட இடம் இல்லை. போர்டிகோ சந்து பள்ளமும் மேடுமாக இருந்ததால் அங்கேயே நிரப்பி, மேலே மண் போட்டுச் சமன் செய்துவிட்டோம். இப்போது சந்து ஒரு முழம் உயர்ந்துவிட்டது. பின்னால் நிற்கிறவர்களுக்கும் மலை தெரிகிறது. நாற்பது வீட்டுப் பெயரும் காலுக்கு அடியில் கிடக்கிறது, யாரும் குறை சொல்லவில்லை.

உன் நம்பரை பிளாக்கில் இருந்து எடுத்துவிட்டேன். வரும் தீபத்துக்கு லீவு இப்போதே சொல்லி வை. அம்மாவுக்குப் போர்டிகோவின் முதல் படியில் நாற்காலி. அந்தப் படிக்கு முன்னால் மண்ணுக்கு அடியில்தான் அப்பா பெயரைப் போட்டிருக்கிறேன். நீ பக்கத்தில் நின்றுகொள்.

செழியன்